மாட்டுக்கு மேனேசரு

வா கண்ணு, உக்காரு. கட்டில்ல வேண்டாம், அந்தச் சாக்குல உக்காரு. மாட்டு வேலைக்கு வர்றவன் இப்பவே பழகிக்கோணும். பெங்களூரு வேலையை உட்டுட்டியாமா? மேனேசரு திட்டறான், லீவு குடுக்க மாட்டேங்கறான்னு ஊருக்குள்ள பேசிக்கிட்டாங்க. நல்ல முடிவுதான். மாடு திட்டாது. ஒதைக்கும், அவ்வளவுதான்.

10 கறவை, ஒண்ணு 20 லிட்டரு, ஆகமொத்தம் 200 லிட்டருன்னு செல்போன்ல கணக்குப் போட்டுக் காட்டுனே. கணக்குல ஒரு குத்தமும் இல்ல. உன் செல்போன்ல 10 மாடும் ஒண்ணாக் கன்னு போட்டு, வருசம் முச்சூடும் வத்தாமக் கறக்குது. என் கட்டுத்தரையிலதான் அந்தச் சாதி இல்ல. இங்க சினையான மாட்டுக்கு ஒம்பது மாசம் பத்து நாளு. அதுல கடேசி ரெண்டு மாசம் பாலை வத்த உட்டாத்தான் அடுத்த ஈத்துக்கு மடி தேறும். அந்த ரெண்டு மாசமும் அது தட்டு திங்கும், தண்ணி குடிக்கும், உன்னையப் பாத்துக்கிட்டே அசை போடும். சம்பளத்தோட பேறுகால லீவுன்னு உங்க கம்பெனியில சொல்லுவீங்களே, அதேதான். குடுக்கறவன் நீயி.

அந்தச் சினையாவது சுலுவா நிக்குமா? 21 நாளைக்கு ஒருக்காத்தான் பருவத்துக்கு வரும். நடுச்சாமத்துல கத்தும். நீ போர்வையை இழுத்துப் பொரண்டு படுத்தீன்னா, இன்னும் 21 நாளைக்குச் சும்மா தீனி. காலையில கத்துனா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்துனா மறுநாக் காலையில ஊசி. சிலது கத்தவே கத்தாது, ஊமைப் பருவம். வாலடியில கண்ணாடியாட்டம் வழும்பு தொங்குதான்னு நீதான் குனிஞ்சு பாக்கோணும். அதுக்கும் ஒரு ஆப்பு இருக்குதுன்னே. இருக்கும், இருக்கும். அது யாருக்கு வெக்கற ஆப்புன்னுதான் எனக்கு ரோசனை.

சொசைட்டிக் கதைக்கு வருவம். 2022 நவம்பர்ல பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூவான்னு ஏத்துனாங்க, அப்பறம் ஊக்கத்தொகைன்னு 3 ரூவா சேத்துனாங்க. அது உன் பாலுக்கு எழுதுன வெலை இல்ல சாமி, கொழுப்பு 4.3, இதர சத்து 8.2 இருக்கற பாலுக்கு. மிசினு குறைச்சுக் காட்டுனா வெலையும் எறங்கும். கறுப்பு வெள்ளை மாடு கொடம் கொடமாக் குடுக்கும், தண்ணியாக் குடுக்கும். சர்சிக் கலப்பு கம்மியாக் குடுத்தாலும் கெட்டியாக் குடுக்கும். கொழுப்பு பால்ல இருந்தாக் காசு. வளக்கறவனுக்கு இருந்தா என்ன ஆகும்னு கேக்காதே, மேலத்தோட்டத்துல நாலு கொட்டாய் காலியாக் கெடக்குது, போயிப் பாத்துக்க.

"கலப்பே வேண்டாம் தாத்தா, காங்கேயம்தான் வெக்கப்போறேன்"னு மார்தட்டறே. தட்டு, தட்டு. அது பால்காரி இல்ல கண்ணு. உழவுக்கும் வண்டிக்கும் பொறந்தது. நாளைக்கு ரெண்டு மூணு லிட்டரு கறந்தாப் பெருசு, அதுவும் கன்னு பக்கத்துல நிக்கோணும். ஆனா கொறங்காடு இருந்தாப் போதும், கிளுவை வேலிக்குள்ள உட்டுட்டா கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலங்காயையும் தின்னுட்டு அது பாட்டுக்குக் கெடக்கும். உனக்குக் கொறங்காடு எங்க இருக்குது? உங்கப்பன் மனை போட்டு வித்துட்டானே!

ஒருக்கா டவுன்காரர் ஒருத்தரு எங்கிட்டச் செவலைக் கன்னு ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. ஆறேழு மாசம் கழிச்சு வண்டியில ஏத்திக்கிட்டுத் திரும்பி வந்துட்டாரு. "பெரியவரே, சாயம் போயிருச்சு"ங்கறாரு. காங்கேயங் கன்னு பொறக்கறப்போ செவலையா இருக்கும், அப்பறம்தான் வெளுக்கும்னு சொன்னா நம்புனாத்தானே? நல்ல கெடேரி. கொடுத்த காசுல பாதியைத் திருப்பிக் குடுத்துட்டு நானே வெச்சுக்கிட்டேன்.

போன வியாழக்கெழமை ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போயிருந்தியாமா? வாயைத் தொறந்து பாத்துட்டு, "மேல்பல்லு பூரா விழுந்துருச்சு, கெழட்டு மாடு"ன்னு சொன்னியாமே. தரகன் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கறான். மாட்டுக்கு மேல முன்பல்லு கெடையவே கெடையாது சாமி. கீழ எட்டு. ரெண்டு, நாலு, ஆறுன்னு மொளைச்சு, எட்டும் வந்தாக் கடை சேந்துருச்சுன்னு சொல்லுவம். கொம்புல இருக்கற வளையத்தை எண்ணி ஈத்துக் கணக்குப் பாக்கறதும் உண்டு. அதுக்குத்தான் அரம் போட்டு ராவி, எண்ணெய் தடவிக் கொண்டாருவானுங்க. முந்தின நாள் சாயங்காலம் கறக்காம உட்டுட்டா, மடி காலையில கொடமாட்டம் நிக்கும். பாக்கறவன் மயங்கிப் போவான். துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெலை பேசறப்போ நீ பாட்டுக்குக் கையைக் குலுக்கி ஆலோ சொல்லி வெக்காதே, அஞ்சு வெரலுக்கும் வெலை விழுந்துரும்.

எதுக்கு உனக்கு அந்தச் சந்தை? நம்ம கறுப்பி இருக்கறா. விக்கற நெனப்பே எனக்கில்ல, நீ ஆசப்படறியேன்னு சொல்றேன். மூணாவது ஈத்துன்னு வெச்சுக்கவே. நாளைக்குக் காலையில வெள்ளெனக் கெளம்பி வந்து பாரு. கொம்பு ரெண்டும் வழுவழுன்னு இருக்கும். மடியை நீயே தொட்டுப் பாத்துக்க. வூட்டுல அவளுக்கு இன்னைக்கு என்னமோ கை வலியாமா, சாயங்காலம் கறக்கலை.