ரிங்கர் போயிடுச்சு சார்!

விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சத்தத்துக்குப் பஞ்சம் வராது. "பாண்டி பாண்டி பாண்டி" என்று ஒரு நடத்துநர் மூச்சு விடுவதற்குள் "திண்டிவனம், மேல்மருவத்தூர், தாம்பரம்" என்று அடுத்தவர் ஆரம்பிப்பார். இருவரையும் அமுக்கிக்கொண்டு ஒரு தனியார் பேருந்து ஏர்ஹாரனை அலறவிட்டபடி உள்ளே நுழையும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு செல்போன் வாயை மூடிக்கொள்கிறது என்றால் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். நம்மவரின் போனுக்கு அது இருந்தது.

நம்மவர் யார் என்று கேட்கவேண்டாம். வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம், சட்டைப் பையில் சீசன் டிக்கெட், கையில் ஆண்ட்ராய்டு போன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று தினமும் ஒரே நான்கு நிலையங்களைக் கடந்துபோகும் இவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் தேறுவார்கள். பொதுவாக அமைதியானவர். வீட்டு அம்மா கூப்பிட்டு எடுக்காமல் விட்டால் மட்டும் சாயந்திரம் அந்த அமைதி கலையும்.

அன்று அப்படித்தான் ஆனது. வீட்டு அம்மா பலமுறை கூப்பிட்டும் போன் மூச்சு விடவில்லை. ரயிலில் எதிர் இருக்கைக்காரர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிங்கர் போயிடுச்சு சார்" என்று தீர்ப்பு எழுதினார். பக்கத்தில் இருந்தவர் "தண்ணி பூந்திருக்கும்" என்றார். ஜன்னலோரத்தில் இருந்த கல்லூரி மாணவன் மட்டும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா அங்கிள்?" என்று கேட்டான். மூன்று பேரில் உருப்படியாகப் பேசியது அவன்தான். எனவே அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்த ரிங்கர் என்பது பழுது பார்க்கும் கடைகளின் சொல். போனின் அடிப்பக்கத்தில் பாட்டும் மணியும் வருகிற பெரிய ஸ்பீக்கர் அது. காதில் வைத்துப் பேசும்போது மேலே இருந்து குரல் வருவது வேறொரு பொருள். அதற்கு இயர் ஸ்பீக்கர் என்று பெயர். ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். 2020 மார்ச்சில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஓர் இருமலும் பிறகு கொரோனா அறிவிப்பும் கேட்டதே, அதை நாட்டுக்கே விடாமல் ஒலித்தது இந்தச் சின்ன ஸ்பீக்கர்தான். ஆகவே ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். காதில் கேட்கிறது, லவுட் ஸ்பீக்கரில் போட்டாலும் கேட்கிறது என்றால் ரிங்கருக்கு நோய் ஒன்றுமில்லை. சத்தம் இருக்கிறது. எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடவேண்டியதுதான் பாக்கி.

நம்மவரின் சத்தம் முதலில் உட்கார்ந்திருந்த இடம் கோட்டுக்கு அடியில். ஆண்ட்ராய்டு போனில் சத்தம் ஒன்றல்ல. பாட்டு, வீடியோவுக்கு ஒரு கோடு, அழைப்பு மணிக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று. முன்பெல்லாம் எதுவும் ஓடாத நேரத்தில் பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் மணிச் சத்தம் கூடும், குறையும். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 அதை மாற்றிப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டது. போதாக்குறைக்கு ஆண்ட்ராய்டு 14, அழைப்புக்கும் அறிவிப்புக்கும் தனித்தனிக் கோடு போட்டுப் பாகப்பிரிவினை செய்தது. நம்மவர் பட்டனை விரல் வலிக்க அழுத்தி ஏற்றியதெல்லாம் பாட்டின் கணக்கில் வரவு. மணி பூஜ்யத்திலேயே கிடந்தது. பட்டனை அழுத்தியதும் திரையோரம் எட்டிப்பார்க்கும் சின்னப் பெட்டியில் மூன்று புள்ளியைத் தொட்டால் எல்லாக் கோடுகளும் வரிசையாக வந்து நிற்கும். அதில் மணிக்குரிய கோட்டை விரலால் இழுத்துவிட்டார். வீட்டில் சமாதானம் திரும்பியது.

சில நாளில் மீண்டும் மௌனம். இந்த முறை குற்றவாளி 'தொந்தரவு செய்யாதே'. ஆங்கிலத்தில் டூ நாட் டிஸ்டர்ப் என்று போனில் இருக்கும் வசதி அது. இரவில் தானாக ஆரம்பித்துக் காலையில் முடிகிறபடி அட்டவணை போட்டுக்கொள்ளலாம். சில போன்களைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாலே வேலையைத் தொடங்கிவிடும். அலாரத்தை மட்டும் பெரும்பாலும் அது தடுப்பதில்லை. அதனால்தான் நம்மவர் குழம்பினார். "காலையில அலாரம் அடிக்குது, உங்க அப்பா கூப்பிட்டா மட்டும் அடிக்க மாட்டேங்குது. இதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று அவர் கேட்ட நியாயமான கேள்விக்கு வீட்டில் நியாயமான பதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது சம்பவம்தான் குடும்பத்தில் இன்றும் பேசப்படுவது. செஞ்சியில் இருக்கும் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். நம்மவர் கூடத்தில் உட்கார்ந்து அதைத் தட்டினார். கோடு நகர்கிறது, நொடி ஓடுகிறது, குரல் இல்லை. மறுபடி தட்டினார். மாடியிலிருந்து மகன் இறங்கி வந்தான். காதில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"அப்பா, அத்தை ஏதோ பொண்ணு பாத்திருக்காங்களாமே?"

"உனக்கு யாருடா சொன்னது?"

"அத்தைதான். இப்போ என் காதுல சொல்லிக்கினு இருக்காங்க. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லு தம்பின்னு உங்கள்ட்ட சொல்றாங்க."

என்றோ ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைக் கேட்க மகனின் இயர்பட்ஸை அப்பாவின் போனோடு ப்ளூடூத்தில் இணைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்தது, உறவு முடியவில்லை. இயர்பட்ஸ் எட்டும் தூரத்துக்குள் வந்ததும் பழைய பழக்கத்தில் போன் தானே போய் ஒட்டிக்கொண்டது. இதன் சாதாரண எல்லை சுமார் 10 மீட்டர்; திண்டிவனத்து வீடுகளில் கூடத்துக்கும் மாடிக்கும் அவ்வளவு தூரம் இருக்காது. சத்தம் வராத போனில் முதல் வேலையாக ப்ளூடூத்தை அணைத்துப் பார்ப்பது நல்லது. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் கட்டாயம்.

ப்ளூடூத் போனது. ஆனாலும் அக்காவின் குரல் இரண்டு சொல்லுக்கு மேல் நிற்கவில்லை. திரை கறுத்தது, குரல் கிணற்றுக்குள் இறங்கியது. காரணம், திண்டிவனம் நேரு வீதிக் கடையில் புதிதாக ஒட்டிய டெம்பர் கிளாஸ். போனைக் காதருகே கொண்டுபோனால் திரையை அணைத்து, வாய்ஸ் மெசேஜை இயர் ஸ்பீக்கருக்கு மாற்றுவதற்கென்று மேலே ஒரு சென்சார் இருக்கிறது. கிளாஸ் கோணலாக உட்கார்ந்தாலோ, விளிம்பில் அழுக்குச் சேர்ந்தாலோ அது எந்நேரமும் தன் முன்னால் ஒரு காது இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கிளாஸைப் பெயர்த்து, துடைத்து, அளவானதாக வேறு ஒட்டியதும் அக்கா முழு நீளத்துக்குப் பேசினார். பேசாமல் இருந்திருந்தால் தேவலை என்று மகன் நினைத்தான்.

தண்ணீர்க் கதை வேறு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களே நின்றன. ரயிலே நின்றபோது சட்டைப் பையில் இருந்த போன் எம்மாத்திரம்? நம்மவரின் போனில் திரையின் மேல் மூலையில் ஹெட்செட் படம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஹெட்செட் எதுவும் செருகவில்லை. செருகும் துளைக்குள் பின் நுழைந்ததா என்று காட்டிக்கொடுக்கும் தொடுமுனைகள் உண்டு. ஈரமோ பஞ்சோ அவற்றை ஏமாற்றினால், இல்லாத ஹெட்செட்டுக்குப் போன் விசுவாசமாகப் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். ரிங்கர் பட்டினி கிடக்கும்.

ஊர் முழுக்க ஒரே வைத்தியம் சொன்னது: அரிசி டப்பாவில் போடு. நெல் விளைகிற மாவட்டத்தில் இந்த மருந்துக்குத் தட்டுப்பாடா என்ன? நம்மவர் வீட்டில் பொன்னி அரிசியில் புதைத்து வைத்தார்கள். ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துணுக்குகள் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்று 2024 தொடக்கத்திலேயே ஆப்பிள் நிறுவனம் சொல்லியிருந்தது. துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலரவிடச் சொன்னது. ஹேர் டிரையர் சூடு வேண்டாம், பஞ்சுக் குச்சியை உள்ளே விடவேண்டாம் என்றும் சொன்னது. பொன்னியிலிருந்து வெளியே எடுத்தபோது நம்மவரின் சார்ஜர் துளையில் குருணை ஒன்று சிக்கியிருந்தது.

அடுத்து மகன் யூடியூபில் ஓர் உறுமலைத் தேடிக் கொடுத்தான். ஆப்பிள் வாட்ச் 2016 முதல் ஸ்பீக்கரை அதிரவைத்துத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அதே வேலையைப் போனில் செய்யவைக்கிறோம் என்று 165 ஹெர்ட்ஸ் அளவில் ம்ம்ம்ம் என்று இரைகிற வீடியோக்கள் ஏராளம். ஸ்பீக்கர் என்பது காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். சவ்வு வேகமாக அதிர்ந்தால் வலையில் தங்கிய நீர்த்துளி தெறிக்கும். தெறித்தது, ஹெட்செட் படமும் மறுநாள் காய்ந்து மறைந்தது. உள்ளே போர்டுக்குத் தண்ணீர் போயிருந்தால் எந்த உறுமலுக்கும் அது அசைந்து கொடுக்காது. உடனே அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோவதுதான் வழி.

தூசியும் லேசுப்பட்டதல்ல. விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை அவிழும் நாளில் அந்தப் பக்கம் போய் வந்த போனின் ஸ்பீக்கர் வலையைப் பார்த்தால் தெரியும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். குண்டூசி மட்டும் கூடாது. வலை கிழியும், பக்கத்தில் மைக்கின் ஓட்டையும் இருப்பதால், நாம் பேசுவது எதிராளிக்குக் கேட்காமல் போகும் புதுப் பிரச்சினையும் இலவசமாகச் சேரும்.

கடைசியாகப் பட்டன். நம்மவரின் போனில் சத்தம் தானாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஏற்றினால் இறங்கும், விட்டால் பூஜ்யம். துப்பு கேலரியில் கிடைத்தது. வாட்ஸ்அப் குட்மார்னிங் ரோஜா, மின்வாரிய மின்தடை அறிவிப்பு, பூட்டிய திரை, மறுபடி ரோஜா என்று அவர் எடுக்காத ஸ்கிரீன்ஷாட்கள் குவிந்திருந்தன. ஆண்ட்ராய்டில் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கிரீன்ஷாட். குறைக்கும் பட்டன் ஏற்கெனவே இறுகி அழுந்திக் கிடந்ததால், அவர் திரையை அணைக்கப் பவரைத் தொடும்போதெல்லாம் போன் ஒரு படம் பிடித்தது. பின்பக்கக் கவரைக் கழற்றியதும் பாதி சரியானது. கவரின் விளிம்புதான் பட்டனை நெருக்கியிருந்தது. மீதிப் பாதிக்குக் கடைக்குப் போகவேண்டியிருந்தது. அதுவரை அக்சஸிபிலிட்டி மெனுவைத் திறந்துவைத்து, திரையிலேயே பெரிதாக வரும் சத்தப் பட்டன்களால் காலம் தள்ளினார்.

விழுப்புரத்தில் நேருஜி சாலை, திண்டிவனத்தில் நேரு வீதி. போனின் நோய்க்கு இரு ஊரிலும் நேருவிடம்தான் போகவேண்டும். நேருஜி சாலைக் கடைத் தம்பி போனைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார். சாம்சங்காக இருந்தால் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஸ்டார், ஹேஷ் என்று தட்டினால் சோதனைத் திரை திறக்கும், அதில் ஸ்பீக்கருக்கே ஒரு கட்டம் உண்டு என்றார். பிறகு சேஃப் மோடில் போட்டு, எந்த ஆப்பும் சத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை என்று உறுதி செய்தார். அதன் பிறகே சூடுகாட்டி மூடியைப் பெயர்த்தார். "வால்யூம் பட்டன் ஸ்ட்ரிப் மாத்தணும் சார். கூடவே ரிங்கரும் கம்மியாதான் இருக்கு, மழைல நனைஞ்சதுல்ல? ரெண்டையும் போட்ரலாம்." சத்தத்தைக் கவனிக்கும் சில்லான ஆடியோ ஐ.சி. போயிருந்தால் என்ன ஆகும் என்று நம்மவர் கேட்டார். "அது போர்டு வேலை சார். நம்மகிட்ட ஆகாது. ரிச்சி தெருதான்." மனிதருக்கு முடியாவிட்டால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பது போல, போனுக்கு முடியாவிட்டால் சென்னைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஸ்ட்ரிப்பும் ரிங்கரும் மாறின. தம்பி ஒரு குத்துப்பாட்டை முழுச் சத்தத்தில் போட்டு, கடைக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் வரை நிறுத்தவில்லை. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் 80 டெசிபல் சத்தம் கேட்டால் காதுக்கு ஆபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். தம்பியின் காது அந்த ஒதுக்கீட்டைத் திங்கட்கிழமையே தீர்த்திருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ரயிலில் சத்தமாகப் பாட்டுப் போடவும் போனில் உரக்கப் பேசவும் கூடாது என்று 2022 ஜனவரியில் ரயில்வே உத்தரவு போட்டதையும் நம்மவர் நினைத்துக்கொண்டார். மாலை ரயில்தானே, கவலையில்லை.

ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டியபோது போன் அலறியது. பெட்டியே திரும்பிப் பார்த்தது. எதிர் இருக்கைக்காரர் தன் தீர்ப்பு பொய்யானதில் கொஞ்சம் வருத்தப்பட்டார். நம்மவர் பெருமிதத்தோடு பையிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். விளம்பர அழைப்புகளுக்கென்று ஒதுக்கிய 140இல் தொடங்கும் எண். பர்சனல் லோன் வேண்டுமா என்று கேட்கப்போகிறார்கள். மணி அடிக்கும்போது பக்கவாட்டுப் பட்டனை ஒருமுறை அழுத்தினால், அழைப்பு துண்டிக்கப்படாமலே சத்தம் அடங்கும். அழுத்தினார். புது ஸ்ட்ரிப் அருமையாக வேலை செய்தது.