நிலாவைக் காட்டி கேமரா வாங்குங்கள்!

கேனன் 7 ரேஞ்ச்ஃபைண்டர், கூடவே f/0.95 லென்ஸ். வீட்டில் திட்டு விழும். வாங்கலாமா?

திட்டு இருக்கட்டும், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? சிலந்தி வலை போல இழை ஓடினால் பூஞ்சை. பாதி விலைக்குத் தந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சுத்தமாக இருந்தால், நிலாவைப் பாருங்கள். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பியதும் வ்யூஃபைண்டரில் இரட்டையாகத் தெரியும் நிலா ஒன்றாகிவிட வேண்டும். ஆகவில்லையா, சர்வீஸ் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். 0.95-ல் முழுதாகத் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், கூர்மையாக விழுவது சுமார் 2 செ.மீ. ஆழம்தான். மூக்கைப் பிடித்தால் காது போச்சு! ஆனால், 1961-லேயே அந்த லென்ஸைச் செய்து காட்டினார்களே, அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அதன்மேல் தீராத காதல். கேமரா சரியாக இருந்து, கடன் வாங்காமல் முடியுமென்றால் வாங்குங்கள்.

ஆசை இருக்கிறது, அவ்வளவு காசு இல்லையே?

யாஷிகா எலக்ட்ரோ 35 இருக்கிறதே! 1966-ல் வந்தது, f/1.7 லென்ஸ். ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போது உள்ளே ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ரப்பர் துண்டு உதிர்ந்திருக்கும். பழைய பாதரச பேட்டரி இப்போது கிடையாது. அடாப்டர் போட்டு 6 வோல்ட் பேட்டரியில் ஓட்டலாம்.

செல்போன் இருக்க, இதெல்லாம் எதற்கு?

ரோலில் 36 படம்தான் என்றால், எதிரே நிற்பவரை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?