ஜிப் வைத்த குரோஷா பை

கே: தினமும் தாம்பரத்தில் ஏறிக் கோட்டையில் இறங்குகிறேன். சாவி, சில்லறை, சீசன் டிக்கெட் போட ரயிலிலேயே குரோஷாவில் ஒரு ஜிப் பை பின்னலாம் என்றால், "கடையிலேயே கிடைக்குமே" என்கிறார் கணவர். என்ன சொல்ல? - வாசகி, சேலையூர்

ப: கடையில் போர்வையும்தான் கிடைக்கிறது. ஆனாலும் 2016-இல் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' பெண்கள் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை விரித்துக் கின்னஸில் ஏறினார்கள்! உங்களுக்கு வேண்டியது உள்ளங்கை அகலம்தான். தைரியமாகத் தொடங்குங்கள்.

உல்லன் நூல் வேண்டாம். சாவிக் கனத்தில் தொங்கிப்போகும். பருத்தி நூல், 2.5 மி.மீ. ஊசி, நெருக்கமான சிங்கிள் குரோஷா. முதலில் ஜிப்பை வாங்கி, அதன் நீளத்துக்குச் சங்கிலி போடுங்கள். பையை முடித்துவிட்டு ஜிப் தேடினால் தாம்பரம் சண்முகம் ரோடு முழுக்க அலையணும். உள்ளே பழைய காட்டன் புடவைத் துண்டில் லைனிங் கட்டாயம். இல்லாவிட்டால் சாவி முனை கண்ணி வழியே எட்டிப் பார்க்கும், ஜிப்பின் பல் நூலைக் கடிக்கும். ஜிப்பை மட்டும் வீட்டில் உட்கார்ந்து, கையால் பின்தையல் போடுங்கள். கிண்டியில் ரயில் ஏறும் கூட்டத்தில் தையல் ஊசி ஆகாது.

அப்படியே அடர் நீலத்தில் இன்னொரு நூல்கண்டும் வாங்கிவையுங்கள். கணவரும் கேட்பார்.