அத்தையின் பஞ்சாங்கம்

எங்கள் கும்பகோணத்து அத்தைக்குத் தமிழ் வருஷமும் தெரியாது, ஆங்கில வருஷமும் நிற்காது. எல்லாம் சீரியல் கணக்குதான். ‘மெட்டி ஒலி’ அக்கா தங்கைகள் ஐந்து பேரும் அழுதுகொண்டிருந்தபோது வீட்டில் போர் போட்டார்கள். ‘கோலங்கள்’ ஆரம்பித்தபோது மாமாவுக்குச் சர்க்கரை வந்தது. 2003-ல் தொடங்கிய அந்தச் சீரியல் 1,500 எபிசோடுகளைத் தாண்டி 2009-ல் ஒருவழியாக முடிந்தது. மாமாவின் சர்க்கரைக்கு இன்னும் ‘தொடரும்’தான்.

அத்தையின் ஆதிகாலம் தூர்தர்ஷன். 1987-ல் ‘ராமாயணம்’ வந்தபோது தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வரிசை அவளுடையது. இந்தியில் ஓர் எழுத்து தெரியாது. “கதை தெரியும்ல, அப்புறம் பாஷை எதுக்கு?” பின்னாளில் ‘மர்மதேசம்’ பார்த்ததிலிருந்து இருட்டினால் கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் வேண்டும். அந்தத் துணை, பயந்தாங்கொள்ளியான நான்!

பெண்ணுக்கு வரன் பார்த்தபோது ஜாதகத்தைக் கரையான் தின்றிருந்தது. ஜோசியர் பிறந்த நேரம் கேட்டார்.

“ராத்திரி. நர்ஸ் ரூம் டிவியில ‘சித்தி’ பாட்டு ஓடிட்டிருந்துச்சு.”

மனிதர் அசரவே இல்லை. “பாட்டு ஆரம்பமா, முடிவா?”

“ராதிகா பேரு போட்டிருப்பான்.”

“வலியில இதெல்லாம் எப்படிம்மா கவனிச்சீங்க?”

“வலி இடுப்புலதானே, காதுலயா?”

ஜோசியர் ஒன்பதரையோடு ஒரு நிமிஷம் சேர்த்து எழுதிக்கொண்டார். அவர் வீட்டிலும் ஓர் அத்தை இருந்திருக்க வேண்டும்.

2023 செப்டம்பரில் ‘எதிர்நீச்சல்’ மாரிமுத்து இறந்தபோதுதான் அவள் ஆடிப்போனாள். அதுவரை ஆதி குணசேகரனைத் தினமும் கரித்துக்கொட்டியவள், அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். “யாருக்குப் பதில் யாரு?” என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தாள். மறுநாள் அவளே போட்டாள். திட்டுவதற்கு ஆள் வேண்டுமே.

போன வாரம் பால்காரருக்கு முட்டிவலி. கேனோடு அவர் மகன் வந்து நின்றான். அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பாத்திரத்தை நீட்டியபடியே உள்ளே குரல் கொடுத்தாள்:

“ஏங்க, இனி இவருக்குப் பதில் இவர்!”