கடிக்காதல மருமவனே

என்னல மருமவனே, கண்ணு ரெண்டும் கோவப்பழமா இருக்கு? விடிய விடிய செல்போனோட மல்லுக்கட்டுனியாமே. ஆக்குன சோறு ஆறிக் கெடக்குன்னு உங்கம்மா அழுதா. கேட்டா, ‘ட்ரோல் மாமா, சும்மா விடக்கூடாது’ங்கிய. அந்த வார்த்தைக்கு அர்த்தமாவது தெரியுமால?

நார்வே நாட்டுல பாலத்துக்கு அடியில குடியிருக்கிற பூதத்துக்கு அப்படித்தான் பேரு. 1840கள்ல அச்சுல ஏறுன கதை ஒண்ணு உண்டு. மூணு கிடா பாலம் தாண்டும். முதல் ரெண்டும் ‘பின்னால வார அண்ணன் என்னைவிடக் கொழுத்தவன், அவனைத் தின்னுக்கோ’ன்னு சொல்லித் தப்பிச்சிரும். மூணாவது முட்டித் தள்ளிரும். நீ உன்னைய அந்த மூணாவது கிடான்னு நெனச்சுக் கொம்பைச் சீவுத.

ஆனா எம் பேத்தி இங்கிலீசு எம்.ஏ. படிக்கால்லா, அவ சொல்லுதா, இது மீன்பிடி வழி வந்த வார்த்தையாம். நம்ம குளத்துல தக்கையைப் பாத்துக்கிட்டுக் குத்தவச்சிருப்போமே, அது இல்ல. படகை மெல்ல நகத்திக்கிட்டே பின்னால தூண்டிலை இழுத்துட்டுப் போறது. இரை ஓடுதுன்னு சூரை மீன் துரத்திக்கிட்டு வந்து கவ்வும். வியட்நாம் சண்டையில அமெரிக்க விமானிக, எதிரியோட மிக் விமானத்தை வெளிய இழுக்க வானத்துல ஆசைகாட்டித் திரிஞ்சதுக்கும் இதே பேருதான்.

1990கள் தொடக்கத்துல யூஸ்நெட்டுங்கிற இணைய விவாத மேடையில பழந்தின்னு கொட்டை போட்ட ஆளுக, புளிச்சுப்போன சங்கதி ஒண்ணை ஒண்ணுந் தெரியாதவுக மாதிரி அவுத்து விடுவாகளாம். பழைய ஆளுக வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாக. புதுசா வந்தவன் ‘அது அப்படி இல்ல’ன்னு பத்தி பத்தியா எழுதிக்கிட்டு ஓடியாருவான். மாட்டுனான்! எழுத்து ஒண்ணா இருக்கவும், போகப்போகத் தூண்டில்காரன் தலையில பூதத்தோட கொம்பை மாட்டி விட்டுட்டாக.

‘ட்ரோலுக்குத் தீனி போடாதே’ன்னு இப்ப புத்தி வேற சொல்லுதாகளாம். நல்லாருக்குல்லா! தூண்டில் போடுதவனுக்கு நீ என்னல தீனி போடுதது? அவன்லா உனக்குப் போடுதான்.

நேத்து நீ எழுதுனதைப் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. பதினோரு பத்தி. அவன் எழுதுனது ஒத்தை வரி, ஓரத்துல ஒரு சிரிக்கிற மூஞ்சி. ஒரு மண்புழுவுக்கு இம்புட்டுப் பெரிய மீனான்னு அவனே அசந்திருப்பான்.

சரி, எந்திரி. உங்கம்மா இன்னைக்குச் சூரை மீன் கொழம்பு வச்சிருக்கா. அதுவும் எதையோ துரத்திக்கிட்டுப் போனதுதான்.