வீதியே மேற்பார்வை செய்த ஸ்டூல்

கண்டியில் வீட்டு முற்றத்தில் எதையும் இரகசியமாகச் செய்ய முடியாது. எங்கள் வீட்டைப் போலப் பல வீடுகள் வீதிக்குக் கீழே சரிவில் இருக்கின்றன. மேலே போகிறவர் மதிலில் கையை ஊன்றி நின்றால் முற்றம் முழுக்கத் தெரியும். நான் வாளும் உளியுமாக உட்கார்ந்தபோது மேலே ஒரு சபையே கூடிவிட்டது.

செய்ய நினைத்தது குசினி மேடைக்குப் பக்கத்தில் போட ஓர் உயரமான ஸ்டூல். "பார்களில் இருக்குமே, அந்த மாதிரி" என்று மேலே நின்ற ஒருவருக்குச் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் மருமகன் வீட்டிலேயே பார் திறக்கிறார் என்று மாமியாருக்குச் செய்தி போய்விட்டது. "போயாவுக்குக் கடை பூட்டுறதாலயா இந்த ஏற்பாடு?" என்று மகளிடம் விசாரித்திருக்கிறார்.

பார் மேடை 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும், அதற்குத்தான் 30 அங்குல ஸ்டூல்; நம் குசினி மேடை 36 அங்குலம், அதற்கு 25 போதும், ஆகவே இது பார் ஸ்டூலே அல்ல என்று அளவுநாடாவை நீட்டி விளக்கினேன். பார் அளவெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்று சந்தேகம் இன்னும் வலுத்தது.

மரத்துக்கு வருவோம். "பலா எடுங்க தம்பி, செல்லு அண்டாது" என்றார் மரக்காலை நானா. பலா எங்கள் வளவிலேயே நிற்கிறது. ஆனால் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அதைத் தறிக்க அனுமதி வாங்க வேண்டும். ஈரப்பலாவுக்கும் பெண் பனைக்கும் அதே காவல். ஒரு ஸ்டூலுக்காகப் பிரதேச செயலகப் படி ஏற மனமில்லாமல், நானாவிடமே துண்டுப் பலகைகள் வாங்கினேன்.

பலாவைக் குடைவது ஒரு சுகம். மஞ்சள் தூள் முன்கையெல்லாம் ஒட்டும். காலில் துளை போட்டு, குறுக்குச் சட்டத்தின் நாக்கை அதில் இறக்க வேண்டும். கையால் தள்ள முக்கால்வாசி போய், மீதிக்கு மரச்சுத்தியல் கேட்டால் பொருத்தம் சரி. தட்டாமலே இறங்கினால் ஆடும். ஓங்கித் தட்டியும் இறங்காவிட்டால் கால் பிளக்கும். இந்த நுட்பமான கட்டத்தில்தான் மேலிருந்து "ஆணி அடிங்க அண்ணே!" என்று ஒரு குரல் வரும்.

உருப்படியான யோசனை சொன்னவர் வழியால் போன ஒரு தச்சு பாஸ் மட்டுந்தான். "நாலு கால் எதுக்கு ஐயா? மூணு கால் எந்தத் தரையிலயும் ஆடாது." உண்மை. மூன்று நுனிகள் எந்த மேடுபள்ளத்திலும் ஒருசேரப் படியும். நான்காவது காலுக்குத்தான் அட்டை மடித்துச் செருக வேண்டிவரும்.

வேலை முடிந்த கையோடு எம்பக்க தேவாலயத்துக்குப் போனேன். கதிர்காமக் கந்தனுக்கு 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் எழுந்தது. அதன் மேள மண்டபத்துக் கூரையில் 26 கைமரங்களை ஒரேயொரு மர ஆப்பு பிடித்து நிற்கிறது. செய்தவர் தெல்மட மூலாச்சாரி என்பார்கள். அவர் முற்றத்துக்கு மேலே வீதி இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஸ்டூல் செய்ய நினைப்பவர்களே, மூன்று கால் வையுங்கள். கால்களை நன்றாக வெளியே சரித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டூல் ஆடாது, ஆள்தான் சாய்வார். எம்பக்கவுக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் ஸ்டூலை முடித்த பிறகு. முன்னமே போனால் உளியைத் தொடக் கை வராது.