ப்ரொபோசல் சார்

மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் தொண்டு நிறுவனம் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இவருடைய போன் நம்பர் கிடைக்கும். விசிட்டிங் கார்டில் 'வளர்ச்சித் திட்ட ஆலோசகர்'. கூப்பிடுகிற பெயர், 'ப்ரொபோசல் சார்'. எந்த நிறுவனத்திலும் சம்பளத்தில் இல்லை. ஆனால் எல்லா நிறுவனங்களின் பான் கார்டும், 12ஏ, 80ஜி வரிச்சலுகைச் சான்றிதழ்களும் இவர் பென் டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. அரசுத் தளத்தில் பதிந்த தன் சங்கத்தின் தர்பன் ஐடி என்ன என்று செயலாளருக்கே சந்தேகம் வந்தால், இவருக்குத்தான் போன் போடுவார்.

ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் ஒன்று இவருக்குப் படியளந்துகொண்டிருக்கிறது. தொண்ணூறுகளில் அது 'நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு'. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பெருகிய காலத்தில், பெண்கள் கூடிப் பேசுகிற பொதுவெளி. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, கடலை எட்டிப் பார்க்க முடியாத தூரத்திலிருந்தும் 'கடலோர வாழ்வாதாரம்' ஆயிற்று. 2015-இல் ஐ.நா. 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளையும் அவற்றுக்கு 169 உள்இலக்குகளையும் அறிவித்தபோது, பாதி இலக்குகளுக்கு அந்த ஒற்றைக் கண்மாயே போதும் என்று காட்டினார். இப்போது அதன் பெயர் 'காலநிலைத் தாங்குதிறன்'. கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் மட்டும் எந்த நிதியுதவியும் இல்லாமல் செழித்து வளர்கிறது.

கள ஆய்வுக்குப் போனால் கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: "தம்பி, கீழமடை இடிஞ்சு கெடக்கு. அத மட்டும் கட்டிக் குடுங்க, போதும்."

சார் பணிவாகக் குறித்துக்கொள்வார். ராத்திரி லேப்டாப்பில் அது, 'சமூகப் பங்கேற்பின் வழி அடையாளம் காணப்பட்ட நீர் ஆளுகைக் குறைபாடு' என்று மறுபிறவி எடுக்கும்.

பொய் எழுதுகிறார் என்று சொல்லிவிட முடியாது. மடை இடிந்தது நிஜம். ஆனால் இரண்டு லட்ச ரூபாய் வேலைக்குக் காசு கொடுக்க எந்த ஃபண்டர் வருவார்? விண்ணப்பத்தைப் படித்து, ஆளனுப்பிப் பார்த்து, ஒப்பந்தம் போட்டு, அறிக்கை வாங்கித் தணிக்கை செய்கிற மெனக்கெடல் இரண்டு லட்சத்துக்கும் ஏறக்குறைய அதேதான், இரண்டு கோடிக்கும் அதேதான். ஆகவே மடை வளர்ந்தாக வேண்டும். அதைச் சுற்றிப் பயிற்சி முகாம், விழிப்புணர்வுக் கலைப்பயணம், அடிப்படைக் கணக்கெடுப்பு, இறுதி மதிப்பீடு எல்லாம் முளைக்கும்.

இவருடைய குலதெய்வம் லாக்ஃப்ரேம். அமெரிக்காவின் யூஎஸ்எய்டுக்காக 1969-இல் உருவான கட்டம். நாலு வரிசை, நாலு பத்தி. என்ன செய்வோம், எப்படி அளப்போம், அதற்கு என்ன சாட்சி என்று மூன்று பத்திகளை முக்கி முனகி நிரப்புகிறவர், நாலாவதான 'அனுமானங்கள்' வந்ததும் உற்சாகமாகிவிடுவார். 'பருவமழை தவறாது.' 'ஊராட்சித் தலைவர் ஒத்துழைப்பார்.' 'திட்டக் காலத்தில் தேர்தல் குறுக்கிடாது.' நாளைக்குத் திட்டம் ஊற்றிக்கொண்டால் பழியைச் சுமக்க இப்போதே ஆள் தயார்.

பட்ஜெட் எழுதும்போதுதான் முகத்தில் சிரிப்பு மறையும். வெளிநாட்டு நிதியில் பாதிவரை நிர்வாகச் செலவுக்குப் போகலாம் என்றிருந்ததை, 2020-இல் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தைத் திருத்தி 20 சதவீதமாக்கிவிட்டார்கள். அந்தப் பணம் முதலில் வந்து இறங்கவேண்டிய இடமும் புதுடெல்லி ஸ்டேட் பாங்கின் மெயின் கிளைதான். கமுதியில் சங்கம் வைத்திருப்பவருக்கும் டெல்லியில் கணக்கு. அக்கவுண்டன்ட் சம்பளம், வாடகை, கரன்ட் பில் எல்லாவற்றையும் அந்த இருபதுக்குள் திணிக்க வேண்டும். கணக்கு மட்டும் ஒரு பைசா பிசகக் கூடாது. கணக்கு எழுதுகிறவரின் சம்பளம் கண்ணில் படக் கூடாது.

மாசி, பங்குனியில் இவரைப் பிடிக்க முடியாது. ஐந்து கோடிக்கு மேல் நிகர லாபம் பார்க்கும் கம்பெனிகள் மூன்றாண்டு லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். மார்ச் 31 நெருங்க நெருங்க அவர்களுக்கும் பதற்றம், இவருக்கும் பதற்றம். தங்கள் ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை என்று அதே சட்டம் சொல்வது இவருடைய தீராத மனக்குறை. கண்மாயைப் பெயர்த்து ஸ்ரீபெரும்புதூரில் வைக்க வழியிருந்தால் எப்போதோ வைத்திருப்பார்.

கெடு நாளில் சாருக்கு உலகக் கடிகாரம் மனப்பாடம். லண்டனில் மாலை 5 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் பல திட்டங்களைக் கரையேற்றியிருக்கிறார். இணையப் படிவம் 2,000 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. இடைவெளியும் கணக்கில் சேரும். ஒன்பது மணிக்கு மேல், வறுமை, சாதி, வறட்சி எதிலிருந்து ஒரு வரியை வெட்டுவது என்று இவரும் சங்கத்தின் செயலாளர் அக்காவும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்படி அனுப்பிய கண்மாய்த் திட்டத்துக்கு நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. திட்டம் தேர்வாகிவிட்டது, தொகையில் மட்டும் கொஞ்சம் குறைப்பு. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இணைப்பைத் திறந்தார். பயிற்சி முகாம்களுக்கு அனுமதி. கலைப்பயணத்துக்கு அனுமதி. மதிப்பீட்டுக்குக் கேட்டதைவிடக் கூடுதல். 'கட்டுமானச் செலவுகள் எமது கொள்கைப்படி ஏற்கப்படா' என்று ஒரே ஒரு வரியில் மட்டும் சிவப்புக் கோடு.

"சார், மடையையே அடிச்சிட்டாங்களே!"

"அதனால என்னக்கா? மடைப் பராமரிப்புப் பயிற்சி அப்படியே இருக்குல்ல?" என்றபடி இலக்குப் பத்தியில் பயிற்சி பெறுவோர் எண்ணிக்கையை ஏற்றத் தொடங்கினார் சார்.